நிலுவைக் கடன்: இல்லை

செமஸ்டர் முடிந்ததும் இங்கே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு மாதம் காணாமல் போய்விட்டேன். "என்னடா ஆச்சு?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். அதில் ஒருவன் என் ரூம் மேட், அவனுக்கு நான் பணம் தர வேண்டும் :-) வேலைக்குப் போயிருந்தேன். அந்த வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பல்கலைக்கழகத்தின் பொதுக்கொள்கை ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் பக்கம் கணக்கெடுப்பு நடத்தியது. (பெயர் வேண்டாமே, டி.ஏ. பணம் இன்னும் வரவில்லை.) திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை உள்ள கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க வேண்டும். எங்களுக்குப் பதவி 'ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டர்'. கேட்க சி.பி.ஐ. மாதிரி இருக்கும். உண்மையில் ஒரு டேப், ஒரு அடையாள அட்டை, ஒரு தண்ணீர் பாட்டில். ஒரு நாளைக்கு நாலு வீடு முடித்தால் 600 ரூபாய்.

திண்டிவனத்துக்காரர்களுக்கு 'ஆராய்ச்சி' என்ற சொல் புதிது இல்லை. வேளாண் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. நாடு முழுக்க மல்லாட்டை விவசாயிகள் சொல்லும் டி.எம்.வி. என்பது திண்டிவனத்தின் சுருக்கம். டி.எம்.வி. 2 ரகம் 1940இல் வந்தது, டி.எம்.வி. 7 ரகம் 1967இல். (வெளியூர் நண்பர்களுக்கு: மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. சிரிக்காதீர்கள்.) விதைத்தால் 105 நாளில் பிடுங்கலாம். அதனால் "ஆராய்ச்சிக்கு வந்திருக்கோம்" என்றதும் எங்கள் ஊர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இன்னா குடுக்கப் போறீங்க?" நியாயம்தானே.

நாங்கள் எதுவும் கொடுக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஒப்புதல் வாசகம் என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதை அப்படியே படிக்க வேண்டும். "இதில் பங்கேற்பதால் தங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லை" என்று அதில் ஒரு வரி. கேட்டதும் சிலர் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணி வைக்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் டேப்பை வைத்துக்கொண்டு மாடு குடித்து முடிக்கும்வரை காத்திருப்பேன்.

பலர் எங்களை நிவாரணக் கணக்கெடுக்க வந்தவர்கள் என்றே நினைத்தார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. தென்பெண்ணையில் வெள்ளம். அப்போது ரேஷன் அட்டைக்கு 2000 ரூபாய் அறிவித்தார்கள். அதிகாரிகள் வந்து எத்தனை மாடு, எத்தனை ஓடு என்று எண்ணிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு யார் நோட்டோடு வந்தாலும் "சுவரு இடிஞ்சிடுச்சுன்னு எழுதிக்கோ தம்பி" என்பார்கள். "அது இல்லைம்மா, இது வேற" என்று விளக்குவதிலேயே பாதி நாள் போகும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வேலையில் ஒரு விதி உண்டு. சொந்தக்காரர் வீட்டில் கேள்வி கேட்கக் கூடாது. தெரிந்த ஊர் என்றால் சூப்பர்வைசரிடம் முன்பே சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். மயிலம் பக்கம் ஒரு கிராமத்தின் பட்டியல் என் கையில் வந்தது. என் அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர். அன்றைக்கு எங்கள் குழுவில் ஒரு பையன் வேலையை விட்டு ஓடியிருந்தான். நான் சொன்னால் என்னை விக்கிரவாண்டிக்கு அந்தப் பக்கம் அனுப்புவார்கள், இரண்டு பஸ் மாற வேண்டும். முந்நூறு வீடு இருக்கும் ஊரில் குலுக்கல் முறையில் இருபது வீடு எடுப்பார்கள், அத்தை வீடு எங்கே வரப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டேன்.

பதினேழாவது வீடு அத்தை வீடு.

"வாடா, குந்து. துன்னுட்டு கேளு" என்றது அத்தை. மாமா வேலைக்குப் போயிருந்தார். திண்ணையில் பக்கத்து வீட்டு ஆயா, எதிர்வீட்டு அக்கா, ஒரு குட்டி நாய். நான் டேப்பைத் திறந்து, எங்கள் அத்தையைப் பார்த்து, "தாங்கள் இந்த ஆய்வில் பங்கேற்கச் சம்மதிக்கிறீர்களா?" என்று படித்தேன். எதிர்வீட்டு அக்கா சிரித்து உருண்டுவிட்டது. அத்தையும் சிரித்துக்கொண்டே "சம்மதிக்கிறேன் சார்" என்றது.

குடும்பத்தலைவர் யார், எத்தனை பேர், யார் எவ்வளவு படித்தார்கள், கடந்த ஏழு நாளில் முட்டை எத்தனை நாள் சாப்பிட்டீர்கள்... எல்லாம் சீக்கிரம் போனது. பிறகு ஆறாவது பகுதி. "தங்கள் இல்லத்தில் தற்போது நிலுவையில் உள்ள கடன் ஏதேனும் உள்ளதா?"

அத்தை என்னைப் பார்த்தது. ஒரு வினாடிகூட இருக்காது.

"இல்லப்பா."

அத்தைக்கு என்ன கடன் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மகளிர் குழுவில் ஒன்று, வாரக்கட்டு ஒன்று. மூன்றாவதாக, திண்டிவனத்தில் ஒரு அடகுக்கடையில் அத்தையின் கம்மல் இருக்கிறது. 18 ஆயிரம். அதை வைக்கப் போனபோது கூடப் போனவன் நான். என்னுடைய முதல் வருட ஹாஸ்டல் பணத்துக்காக வைத்தது. அப்பா சென்ட்ரிங் வேலை பார்க்கிறார். அந்த வருடம் இடுப்பு பிடித்து இரண்டு மாதம் வீட்டில் கிடந்தார். 8 ஆயிரம் திருப்பிக் கொடுத்திருக்கிறோம். மீதியைப் பற்றி யாரும் பேசுவது இல்லை.

இந்த டேப் சமாச்சாரத்தில் 'ஸ்கிப்' என்று ஒன்று இருக்கிறது. "ஆம்" என்று தொட்டால் பதினெட்டுக் கேள்வி திறக்கும். யாரிடம் வாங்கினீர்கள், என்ன வட்டி, எதற்காக வாங்கினீர்கள், அடமானம் என்ன, தவணை தவறினால் என்ன செய்தார்கள், ஒவ்வொரு கடனுக்கும் தனித்தனியாக. "இல்லை" என்று தொட்டால் அத்தனையும் மறைந்து நேராக ஏழாவது பகுதி, கால்நடை. எனக்கு இருபது நிமிடம் மிச்சம். நாலாவது வீட்டை வெளிச்சத்திலேயே முடிக்கலாம். எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கணக்கும் அந்த ஒரு வினாடியில் என் மண்டையில் ஓடியது.

பதில் சொல்பவர் என்ன சொல்கிறாரோ அதைத்தான் பதிவு செய்ய வேண்டும், உங்களுக்குத் தெரிந்ததை எழுதக் கூடாது. இதுவும் விதிதான். "இல்லை" என்று தொட்டேன். "தங்களிடம் கறவை மாடு உள்ளதா?" என்று படித்தேன்.

ஒரு வாரம் கழித்து மறு சரிபார்ப்புக்கு வேறொரு அக்கா அந்த ஊருக்குப் போனார். இருபதில் இரண்டு வீடு எடுத்து அதே கேள்வியை மறுபடியும் கேட்பார்கள், பதில் மாறினால் எங்களுக்குத் திட்டு. அத்தை வீடும் அதில் வந்தது (லாட்டரி வாங்கியிருக்கலாம்). அத்தை அதே பதிலைச் சொல்லியிருக்கிறது. என் பெயருக்கு நேராகப் பச்சை டிக். சுத்தமான தரவு!

இதற்குப் பிறகுதான் இந்தத் துறையின் பழைய கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கிடைத்தது எங்கள் மாவட்டத்துக் கதை.

இருவேல்பட்டு என்று கூகுளில் போட்டால் முதலில் வருவது சேறு. 2024 டிசம்பர் 3ஆம் தேதி, வெள்ளம் பார்க்க வந்த அமைச்சர் பொன்முடி மீது சேறு வீசப்பட்ட ஊர் என்று எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடியது. விழுப்புரத்துக்குத் தெற்கே, திருச்சி நெடுஞ்சாலையில், திருவெண்ணெய்நல்லூர் பக்கம். ஆனால் பொருளாதாரம் படிக்கிறவர்களுக்கு இந்த ஊரை நூறு வருடத்துக்கு மேலாகத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. என் பாடத்திட்டத்தில் இங்கிலாந்து விவசாயப் புரட்சி இருக்கிறது, இருவேல்பட்டு இல்லை.

கில்பர்ட் ஸ்லேட்டர் என்று ஒருவர். ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்கள் படிப்பதற்கென்று இருந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். வந்தவர் பார்த்தார், புத்தகத்தில் இருக்கும் பொருளாதாரத்துக்கும் இங்கே இருக்கும் கிராமத்துக்கும் சம்பந்தம் இல்லை. 1916இல் மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கிராமத்தைக் கணக்கெடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார். அவற்றைத் தொகுத்து 1918இல் புத்தகமாகப் போட்டார்கள். தமிழ்ப் பகுதியில் ஐந்து ஊர்கள்: வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு. இன்றைக்கும் இவற்றை 'ஸ்லேட்டர் கிராமங்கள்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஆக, லீவுக்கு ஊருக்கு வந்த காலேஜ் பையன் கையில் கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போவது 1916லேயே ஆரம்பித்துவிட்டது. அவனுக்கு டி.ஏ. வந்ததா என்று தெரியவில்லை.

இருவேல்பட்டைப் பற்றி எழுதிய மாணவர் ஈ.வி. சுந்தரம் ரெட்டி. ஊரின் நிலத்தில் பெரும்பகுதி அப்போது ரெட்டியார் குடும்பங்களின் கையில். கட்டுரையில் அவர் படியாட்களைப் பற்றி எழுதுகிறார். கடனால் ஒரே பண்ணைக்குப் பரம்பரையாகக் கட்டுப்பட்டுக் கிடந்தவர்கள். அதை மறைக்காமல், பூசி மெழுகாமல், அடிமை மாதிரியான நிலை என்றே எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்கு ஒரு சலாம்.

ஆனால் எனக்கு வேறு ஒன்று தோன்றியது. அவர் அந்தப் படியாளிடம் போய் "உனக்குக் கடன் எவ்வளவு?" என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? கேட்பவர் நிலம் வைத்திருக்கும் சமூகத்துப் பிள்ளை, பட்டணத்தில் படிப்பவர். பதில் சொல்பவர் சேரியில் நிற்பவர், கடன் பண்ணைக்காரரிடம். "கொறவு ஒண்ணும் இல்லீங்க சாமி" என்பதைத் தவிர வேறு என்ன வரும்? ஒருவேளை அவர் படியாளைக் கேட்கவே இல்லாமல், கடன் கொடுத்தவர்களின் கணக்கையே பார்த்து எழுதியிருக்கலாம். அப்படியென்றால் ஒரு விதத்தில் சரியான எண் கிடைத்திருக்கும், அதுதான் விநோதம்.

அந்தக் கணக்கு அதோடு நிற்கவில்லை என்பதுதான் பெரிய விஷயம். 1936–37இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.ஜே. தாமசும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறுபடி கணக்கெடுக்க வைத்து 1940இல் புத்தகமாக்கினார்கள். 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் ஸ்லேட்டர் கிராமங்களுக்கு வந்தார். பிறகு எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்கு வந்து 1983இல் எழுதினார்கள். குகன் தமிழக அரசில் நிதித்துறைச் செயலராக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி, பிறகு சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தவர். பணம் ஒதுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தவர் அதன் பிறகு ஒரு கிராமத்தை எண்ணப் போனார் என்பது எனக்குப் பிடித்திருந்தது. 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் மீண்டும் கணக்கெடுத்து 2010இல் கட்டுரை எழுதினார்கள். இதே ஜெயரஞ்சன்தான் 2021இல் மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவரானார்.

ஒரே ஊர், தொண்ணூறு வருடத்துக்கு மேல். படியாள் முறை போனது, நிலவுடைமைக் குடும்பங்களின் பழைய பிடி தளர்ந்தது, தலித் மக்கள் ஒரே பண்ணையை நம்பி இருக்க வேண்டிய நிலை மாறியது, வயலுக்கு வெளியே வேலை தேடிப் போனார்கள். யாரோ ஒரு தாத்தா சொன்ன கதையாக இல்லாமல், எண்ணாக, வரிசையாக இதைச் சொல்ல முடிகிறது. இந்த மாதிரி வேறு எத்தனை ஊருக்குச் சொல்ல முடியும்?

அதனால் "சர்வே எல்லாம் டுபாக்கூர்" என்று நண்பர்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொரு உதாரணமும் நம்ம ஊர்தான். இல்லம் தேடிக் கல்வி திட்டத்தை 2021 அக்டோபர் 27ஆம் தேதி முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தது மரக்காணம் ஒன்றியம் முதலியார்குப்பத்தில். எங்கள் தெருவிலும் ஒரு அக்கா மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தன்னார்வலராக இருந்தார். சாயங்காலம் தெரு விளக்கு எரிவதற்குள் இருபது குட்டிகள் பாயோடு வந்து உட்காரும். அது உண்மையில் உதவியதா, சும்மா போட்டோவுக்கா?

அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பேராசிரியர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஸ்டாக்ஹோம், மெக்சிகோ, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வேலை பார்ப்பவர்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் 2019இல், அதாவது கொரோனாவுக்கு முன்பே, குழந்தைகளுக்கு ஒரு சின்னப் பரீட்சை வைத்திருந்தார்கள். பள்ளிகள் திறந்த பிறகு, 2021 டிசம்பரிலிருந்து, அதே ஊர்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். 2019இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட இவர்கள் மிகவும் பின்தங்கி இருந்தார்கள், தமிழைவிடக் கணக்கில் அதிகம். ஆனால் ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது. அப்படி மீண்டதில் சுமார் 24 சதவீதம் இந்தச் சாயங்கால வகுப்புகளால் என்று கணக்கு. எங்கள் தெரு அக்காவிடம் இதைச் சொன்னேன். "எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே" என்றார். அவருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! கட்டுரை வந்து வருடங்கள் ஆகிறது. ஆங்கிலத்தில் இருக்கிறது. பாய் விரித்தவருக்கு அது போய்ச் சேரவில்லை.

இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம். கேள்வியை மட்டும் தமிழில் மொழிபெயர்க்கிறார்கள் (அதுவும் "நிலுவையில் உள்ள" தமிழில்). பதிலை யாரும் மொழிபெயர்ப்பது இல்லை.

அப்புறம் பரீட்சையில் ஒரு வசதி. ஏழு வயசுப் பிள்ளைக்குக் கழித்தல் தெரியுமா தெரியாதா என்பதை அது மறைக்காது. சிலேட்டில் போட்டுக் காட்டிவிடும். கடன் அப்படி இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து இசபெல் கெரான், சந்தோஷ் குமார், ஜி. வெங்கடசுப்ரமணியன் ஆகியோர் நம்ம தென்ஆற்காட்டுப் பக்கக் கிராமங்களில் பெண்களின் கடனைப் பற்றிப் பல வருடம் வேலை செய்து, 2023இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். ஒரு கடனை வாங்கி இன்னொன்றை அடைப்பது, எந்தக் கடனை யாருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்வது, எது மானம் போகும் கடன், எது போகாத கடன், இதையெல்லாம் திரும்பத் திரும்ப அதே வீடுகளுக்குப் போய்த்தான் தெரிந்துகொள்கிறார்கள். நாங்கள் ஒரு வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் போனோம்.

வேலை முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குச் சும்மா போனேன். டேப் இல்லை. அத்தை வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தது. நானும் உட்கார்ந்து உரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் அத்த அன்னைக்கு அப்படி சொன்ன?" என்றேன்.

"எப்படி சொன்னேன்?"

"கடன் இல்லைன்னு."

"நீ வந்து கேட்டா நான் இன்னாடா சொல்றது? எதுக்கு வாங்குனேன்னு அடுத்த கேள்வி கேப்ப. அந்த ஆயா வேற குந்தினு இருக்குது. உங்கப்பன் பேர எழுதச் சொல்றியா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்புறம் இன்னொரு பொண்ணு வந்துச்சே, அதுங்கிட்ட சொல்லி இருக்கலாம்ல?"

"நீ ஒண்ணு எழுதி நான் ஒண்ணு சொன்னா உனக்குத்தானே திட்டு உழும்?"

இது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறு சரிபார்ப்பு என்றால் என்ன என்று அத்தைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதுவாகவே கண்டுபிடித்திருக்கிறது.

அந்தப் பட்டியலில் அத்தை வீடு இன்னும் கடன் இல்லாத வீடாகத்தான் இருக்கிறது. சூப்பர்வைசரிடம் சொல்லலாமா என்று பல முறை யோசித்தேன். சொன்னால் அந்த ஒரு வீட்டை நீக்குவார்கள், என்னையும் நீக்குவார்கள். மற்ற பத்தொன்பது வீட்டில் நான் தொட்ட "இல்லை"களை என்ன செய்வார்கள்? ஏழு வீட்டில் கடன் இல்லை என்று எழுதியிருக்கிறேன். அதில் மூன்று வீட்டில் மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு வீட்டில் குழுவின் தலைவியே திண்ணையில் இருந்தார். அந்த ஏழு "இல்லை"யும் எங்கேயோ ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு அட்டவணையில் சேர்ந்து ஒரு சதவீதமாக ஆகியிருக்கும்.

கடைசியில் ஒரு மெயில் எழுதினேன். அத்தை பெயரைப் போடவில்லை. "அந்த ஊரில் எனக்குச் சொந்தம் இருந்தது, முன்பே சொல்லாதது என் தவறு, கடன் பகுதியில் பக்கத்தில் ஆள் இருந்த வீடுகளைத் தனியாகப் பார்க்கவும்" என்று வீட்டு எண்களோடு. அனுப்பி ஒன்பது நாள் ஆகிறது. பதில் வரவில்லை. டி.ஏ.யும் வரவில்லை, இனி வருமா என்பதும் சந்தேகம்தான்.

சம்பளம் மட்டும் வந்தது. நேற்று அடகுக்கடைக்குப் போய்க் கேட்டேன், அந்த 10 ஆயிரத்துக்கு வட்டி சேர்த்து 14 ஆயிரத்துச் சொச்சம் சொல்கிறார்கள். என்னிடம் 11 ஆயிரம் இருக்கிறது. ரசீது அத்தையிடம் இருக்கிறது, அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்றுதான் தெரியவில்லை.

டிஸ்கி: ரூம் மேட் இதைப் படித்தால், உன் பணம் அடுத்த மாதம் :-)